நோயாளிக்குப் பாடம் எடுக்காதீர்கள்: மருத்துவ உளவியலில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வருடமும் முதுகலை உளவியல் மாணவர்கள் பயிற்சிக்காக எங்கள் ஓ.பி.க்கு வருகிறார்கள். முகங்கள் மாறுகின்றனவே தவிர, தவறுகள் மாறுவதில்லை. அவற்றில் பாதி நானும் அந்த வயதில் செய்தவைதான். நோயாளி சொன்னதை வெளியே பேசக் கூடாது, அவர் பேசும்போது போனைப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி அனுப்புவது

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அதனால் வலி மனசில்தான் இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். வலி ஆராய்ச்சியாளர்களான மெல்சாக்கும் வாலும் 1965-லேயே ‘கேட் கன்ட்ரோல்’ கோட்பாட்டில் வேறு விதமாகச் சொன்னார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்திலேயே கூடவோ குறையவோ செய்யும்; மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளுக்கும் அதில் பங்கு உண்டு. பயம் வலியைக் கூட்டலாம். அதற்காக வலி பொய்யாகிவிடாது. ‘மனசுதான்’ என்று நாம் சொல்வது ‘நீ நடிக்கிறாய்’ என்றுதான் அவர் காதில் விழும். அப்புறம் அவர் நம் பக்கமே வர மாட்டார். வேறு ஊரில் இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் கட்டுவார்.

‘பாசிட்டிவா இருங்க’

சொல்லாதீர்கள்.

தெரியாமல்தான் செய்யவில்லை என்று நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா; வயது அறுபதுக்கு மேல். பிரஷர் குறையவே இல்லை என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். பயிற்சிக்கு வந்த மாணவி படம் போட்டு விளக்கினாள். மாத்திரையை விட்டால் பக்கவாதம் வரும், கிட்னி போகும், கண் போகும் என்று அடுக்கினாள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்க கண்ணு, சரிங்க கண்ணு’ என்று தலையாட்டினார். ‘ஆலோசனை வழங்கப்பட்டது, நோயாளி புரிந்துகொண்டார்’ என்று மாணவி குறிப்பு எழுதினாள்.

என்ன புரிந்துகொண்டார்? ‘மாத்திரை எப்பெப்பங்க போடுவீங்க?’ என்று நான் கேட்டேன். ‘தலை கிறுகிறுன்னு வந்தா ஒண்ணு போட்டுக்குவேனுங்க. சும்மா சும்மா எதுக்குப் போடறது?’ என்றார். மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையில் இரண்டு குழிகள் மட்டும் காலி. வாங்கியது போன மாதம்.

அவர் அறியாதவரும் இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: கிறுகிறுப்பு வந்தால் பிரஷர், இல்லாவிட்டால் பிரஷர் இல்லை. உளவியலாளர் லெவென்தாலும் அவருடைய குழுவினரும் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க நோயாளிகளிடமும் இதையே பார்த்தார்கள். பிரஷர் ஏறுவது பொதுவாக யாருக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்களே, தனக்கு மட்டும் தெரியும் என்று நம்பினார்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கான சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றுபவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை.

பயமுறுத்தினாலாவது நடக்குமா? 1965-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், டெட்டனஸ் பற்றி மாணவர்களுக்குச் சிறு பிரசுரங்கள் கொடுத்தார்கள். அதிகம் பயமுறுத்தியதால் கூடுதலானவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. எங்கே போக வேண்டும் என்று வரைபடமும் கொடுத்து, எப்போது போவது என்று யோசிக்கவும் வைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் போட்டுக்கொண்டார்கள். அது கிடைக்காதவர்களில் சுமார் 3 பேர்.

இந்தத் தவறுக்கான விலையை நோயாளிதான் கொடுக்கிறார். ‘புரிந்துகொண்டார்’ என்ற குறிப்பைப் பார்க்கும் டாக்டர், மருந்து கேட்கவில்லை என்று நினைத்து டோசைக் கூட்டுவார். என்றாவது ஒருநாள் அந்த முழு டோசையும் போட்டுக்கொண்டு, பிரஷர் சட்டென்று இறங்கி, பாத்ரூமில் விழுந்தால்?

அன்றைக்கு அவருக்குப் பிரஷர் பார்த்தேன். ‘இப்பக் கிறுகிறுப்பு இருக்குதுங்களாம்மா?’ ‘இல்லைங்களே.’ மெஷினை அவர் பக்கம் திருப்பினேன். 160-ஐத் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘அப்ப இது தெரியாமயே ஏறுதுங்களா?’ என்றார். மாணவி அவ்வளவு பேசியும் வராத கேள்வி. காலையில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் டீ போடுவாராம். அட்டையை டீத்தூள் டப்பா மேலேயே வைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் கேளுங்கள்: இது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள், எப்போது மாத்திரை போடுகிறீர்கள், போடாத நாளில் என்ன ஆனது? பதில் வந்த பிறகு வாயைத் திறந்தால் போதும்.

கேள்வித்தாள் மதிப்பெண்ணை அப்படியே நம்புவது

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் தூக்கம், பசி, சோர்வு பற்றியும் கேள்விகள் உண்டு. டயாலிசிஸில் இருப்பவருக்கு மனச்சோர்வே இல்லாமலும் அவற்றில் மதிப்பெண் ஏறும். ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983-ல் மருத்துவமனை நோயாளிகளின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க எச்.ஏ.டி.எஸ். கேள்வித்தாளைத் தயாரித்தபோது உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்தது இதனால்தான். ஆனால் பி.எச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே, நேரில் பேசியாக வேண்டும்.

நோய்க்கேற்ற குணத்தைத் தேடுவது

ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரு இதய மருத்துவர்கள் 1959-ல் எழுதிய ‘டைப் ஏ’ குணம், அதாவது எப்போதும் அவசரமும் போட்டியுமாக இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம் வரும் என்ற கருத்து, பாடப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை என்பதும், அந்த ஆராய்ச்சிக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்தன என்பதும் பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. புற்றுநோய் வந்தவரிடம் ‘எல்லாத்தையும் உள்ளேயே அடக்கி வெச்சீங்க, அதான்’ என்று யாராவது சொன்னால், அன்றோடு சொன்னவருக்கு என் வார்டில் வேலையில்லை.

கூட வந்தவரை வெளியே உட்கார வைப்பது

சுகர் உள்ள பெரியவரிடம் சாப்பாட்டுப் பட்டியலை வரி வரியாக விளக்கிக்கொண்டிருப்போம். வீட்டில் சமைக்கும் மருமகள் டோக்கனோடு வராந்தாவில் காத்திருப்பார். பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மருமகளையும் உள்ளே கூப்பிடுங்கள்.