ரத்தம் நின்ற பிறகு வயிற்றுக்குச் செய்யும் தவறுகள்

வாழைத் தோப்பில் அரிவாள் காலில் இறங்கினாலும், நாங்குநேரிப் பக்கம் நாற்கரச் சாலையில் பைக் சரிந்தாலும், கூடி நிற்பவர்கள் தேடி ஓடுவது ஒரு சோடாவுக்கு. கொடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து போடும்போது அது வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்து, அடிக்கடி எடுத்துப் பார்க்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரஷர் சரியாக இருக்கிறது, பயமில்லை என்பது அடுத்த தவறு. 60 கிலோ ஆளுக்கு ரத்தம் 4 லிட்டர் சொச்சம். அதில் ஒரு லிட்டர் போனாலும் பிரஷர் இறங்காமல் நிற்கலாம். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாதிருக்க உடல் குடலின் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. பட்டினி கிடந்த குடலுக்கு ரத்தம் திரும்பும்போதுதான் அழற்சி கிளம்பும். குடல் தசைக்குள் இருக்கும் காவல் செல்கள் விழித்து, வெள்ளணுக்களை வரவழைத்து, நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கும். தசை தளர்ந்து, குடல் அசையாமல் கிடக்கும். வயிறு உப்பும், வாந்தி வரும், காற்றுப் பிரியாது.

இதை மலச்சிக்கல் என்று நினைத்து வார்டுக்கு விளக்கெண்ணெய் கொண்டுவருவதுதான் நம் ஊரில் பெரிய தவறு. அங்கே மலம் அடைத்துக் கிடக்கவில்லை, தள்ளும் தசைதான் ஓய்ந்திருக்கிறது. பேதி மாத்திரையும் அப்படித்தான்.

“இன்னொரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று நர்ஸம்மாவை நச்சரிக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறிய நீர் குடல் சுவரிலேயே கோத்துக்கொண்டால் அசைவு இன்னும் தாமதமாகும். இளநீரையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். இளநீரில் நிறைய இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு உடம்பில் குறைந்தால் குடல் மந்தமாகும், உண்மைதான். ஆனால் ரத்த இழப்பில் சிறுநீரகமும் அடிபட்டிருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். மெடிக்கலில் சொந்தமாக வாங்கும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் குடலின் உள்தோலையும் சேர்த்தே கெடுக்கும்.

காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி என்று பிடிவாதமாகப் பட்டினி போடுவதும் பழைய பழக்கம். உப்புசமும் வாந்தியும் இல்லையென்றால் டாக்டரே முன்னதாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்வார்.

பச்சை நிறத்தில் வாந்தி, கல் போல இறுகும் வயிறு, காய்ச்சலோடு தாங்காத வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடலின் ஒரு பகுதி அழுகத் தொடங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்தபின் மலம் கறுத்தால் பெரும்பாலும் அது இரும்புச்சத்து மாத்திரையின் நிறம். தார் போல ஒட்டி, கடும் நாற்றம் அடித்தால் மட்டும் அது ரத்தம். அன்றைக்கே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.