பெயரால் இணைத்தால் கணக்குப் பிழைக்கும்

கொக்குவிலில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு நான் முதன்முதலில் செய்துகொடுத்த தரவுத்தளத்தில் மாணவர் அட்டவணையையும் கட்டண அட்டவணையையும் பிள்ளையின் பெயரால் இணைத்திருந்தேன். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கட்டிய காசு இருவர் கணக்கிலும் ஏறி நின்றது. இன்னொரு பிள்ளையைப் பதிவில் 'கிருஷ்ணன்' என்றும் பற்றுச்சீட்டில் 'கிருஸ்ணன்' என்றும் எழுதியிருந்தோம். நமக்கு ஒரே ஆள், கணினிக்கு இரண்டு பேர். காசு கட்டிய அந்தப் பிள்ளையிடமே திரும்பவும் காசு கேட்டார்கள்.

அட்டவணைகளுக்கு நடுவே கம்பி எதுவும் ஓடவில்லை. இரண்டிலும் ஒரே மதிப்பு இருப்பதுதான் இணைப்பு. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் கொட் முன்வைத்த தொடர்புநிலை மாதிரியின் அடிப்படையே இதுதான். ஆகவே எந்த மதிப்பால் இணைக்கிறோம் என்பதில் மிகக் கவனம் வேண்டும்.

சரி, பெயர் வேண்டாம், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக, வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். அம்மா பழையதைத் தந்து பதிந்துவிட்டு, அடுத்த வருடம் புதியதைக் கொண்டுவந்தால் இணைப்பு அறுந்துவிடும். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான், ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே இலக்கம் இருக்கும். தானாக ஏறிச்செல்லும், வேறு அர்த்தம் இல்லாத ஓர் எண்ணே நல்ல சாவி. அடையாள அட்டை இலக்கம் சாதாரண நிரலாகப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு பிள்ளை கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் வந்தால், வகுப்பு எண்களை '1,4,7' என்று ஒரே நிரலில் எழுதாதீர்கள். மாணவர் எண், வகுப்பு எண் இரண்டும் உள்ள மூன்றாவது அட்டவணை ஒன்றைப் போடுங்கள்.

அப்புறம், இன்னொரு தவறு: அந்நியச் சாவியை, அதாவது மற்ற அட்டவணையின் முதன்மைச் சாவியைச் சுட்டும் நிரலை, மனதுக்குள் மட்டும் வைத்திருப்பது. 'மாணவர் எண்' என்று நிரலுக்குப் பெயர் வைத்தால் போதாது, தரவுத்தளத்துக்கு அதை அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத மாணவரின் பெயரிலும் கட்டணம் பதிவாகும். அறிவித்த பிறகும் சோதித்துப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய மைஐசாம் வகை அட்டவணைகள் அந்த அறிவிப்பைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு, அதன்படி நடக்காமல் விட்டுவிடும். எஸ்கியூலைட் என்ற இன்னொரு மென்பொருளில் வழக்கமாக அந்தச் சோதனை அணைந்தே இருக்கும், தரவுத்தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நாமேதான் இயக்க வேண்டும். மாணவரை அழித்தால் கட்டணமும் தானாக அழியட்டும் என்று வைப்பதும் ஆபத்து. ஓ.எல். முடித்துப் போன பிள்ளையை அழிக்க வேண்டியதில்லை, 'விலகியவர்' என்று குறித்தால் போதும்.

கடைசியாக, நிலையத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி: மார்ச் மாதக் காசு கட்டாதவர்கள் யார்? சாதாரண ஜொயின் (இரண்டு அட்டவணையிலும் பொருந்தும் நிரைகளை மட்டும் சேர்த்துத் தரும் கட்டளை) போட்டால், கட்டணப் பதிவே இல்லாத பிள்ளைகள் பட்டியலில் வரவே மாட்டார்கள். நமக்கு வேண்டியவர்களோ அவர்கள்தான். எனவே மாணவரை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜொயின் (இடப்பக்க அட்டவணையின் எல்லா நிரைகளையும் தருவது) போட வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. 'மாதம் மார்ச்' என்ற நிபந்தனையை, விடைகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால் அதே பிள்ளைகள் மறுபடி காணாமல் போவார்கள், ஏனென்றால் அவர்களின் மாதம் வெற்று மதிப்பு. மாதத்தை, இணைப்பு நிபந்தனை வரும் ஒன் (ON) பகுதிக்குள் எழுதுங்கள். வேர் பகுதியில் கட்டண எண் வெறுமையாக உள்ள நிரைகளை மட்டும் கேளுங்கள்.