வீட்டில் பிரஷர் பார்ப்பது எப்படி: ஒரு நோட்டு, ஏழு நாள்

அப்பாவுக்காக முதன்முதலில் பிரஷர் மெஷின் வாங்கிய அன்று, பெட்டியைப் பிரித்த கையோடு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தோம். 168/98 காட்டியது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார், சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருந்தோம், சுற்றி நின்று எல்லாரும் பேசிக்கொண்டும் இருந்தோம். அன்று இரவு வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. அப்புறம் ஒரு வாரம் முறையாகப் பார்த்தபோது சராசரி 142/88 வந்தது. அதுவும் கூடுதல்தான், மருத்துவரிடம் போகவேண்டிய அளவுதான். ஆனால் எந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோம் என்பதைப் பொறுத்து மாத்திரையே மாறும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1990-ல் இந்தியாவில் நடந்த இறப்புகளில் இதயநோயும் பக்கவாதமும் சேர்ந்த ரத்தநாள நோய்களின் பங்கு சுமார் 15 சதவீதம். 2016-ல் அது 28 சதவீதம். இந்த நோய்களோடு வாழ்பவர்களின் விகிதம் மிக அதிகமாக இருந்த மாநிலங்கள் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆதரவில் நாடு முழுக்க 1,13,000 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு பிரஷர் என்ற கணக்கு இது. அந்த ஒருவருக்குத் தலைசுற்றலோ தலைவலியோ வரவேண்டும் என்றில்லை, பலருக்கு எதுவுமே தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

சரி, மெஷினிலிருந்து ஆரம்பிக்கலாம். மேல்கையில் சுற்றும் வகையை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வசதிதான், ஆனால் கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் எண் மாறிவிடும். வாங்குவதற்கு முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரையுள்ள கைக்குத்தான் பொருந்தும். பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். கடைக்காரர் இதையெல்லாம் கேட்கமாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துப்போய், அங்கே பார்ப்பதோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

பார்க்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்கிற நாற்காலியில், கால்மேல் கால் போடாமல், பாதங்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும். போன் பார்க்கக்கூடாது, டிவியையும் நிறுத்திவிடுங்கள். கையை மேசைமேல் நீட்டி, பட்டை நெஞ்சின் உயரத்துக்கு வரும்படி வையுங்கள், மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையைக் கீழே வைக்கலாம். பட்டை வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கவேண்டும். சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்கிவிடுவதும் தப்பு, அந்தப் பக்கத்தைக் கழற்றிவிடுங்கள். மெஷின் ஓடும்போது பேசக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்களும்தான். முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்கள். வித்தியாசம் ஒவ்வொரு முறையும் 10-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் ஒருமுறை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். பிடிக்காத எண் வந்தது என்று அதை விட்டுவிடாதீர்கள். ஏழு நாள் முடிந்ததும் முதல் நாளைத் தள்ளிவிட்டு, மீதி ஆறு நாளின் 24 அளவுகளுக்குச் சராசரி எடுங்கள். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை என்றால், வீட்டில் பார்க்கும்போது 135/85. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று இந்த எல்லையைத் தொட்டாலும் நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். மெஷினில் துடிப்பு சீராக இல்லை என்ற குறி அடிக்கடி வந்தால் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சீரற்ற துடிப்பு பக்கவாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். அதோடு, ஒரு நாளில் பத்து தடவை பார்க்காதீர்கள், பயமே எண்ணை ஏற்றிவிடும்.

அதே நோட்டில் மாதம் ஒருமுறை இடுப்பளவையும் எழுதலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டபிறகு அளக்கவேண்டும், வயிற்றை உள்ளிழுக்காமல். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் போடுவது மட்டுமல்ல, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள் அடங்கவேண்டும் என்பதுதான் கஷ்டம்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட்டு 126/80 வந்ததும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்திவிடாதீர்கள். அந்த 126 மாத்திரையால் வந்தது. செலவுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள், 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

எப்போதாவது 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள், நீங்களாகக் கூடுதல் மாத்திரை போடவேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்கமுடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மெஷினைத் தேடவே தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதை நோட்டின் அட்டையிலேயே எழுதி எடுத்துப்போங்கள், அங்கே போனதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.