வேட்டை நாய்க்குட்டியைத் தேர்ந்தெடுத்து ஓட்டத்துக்குப் பழக்குவது எப்படி

கன்னி நாயோ சிப்பிப்பாறை நாயோ வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் நிறத்தைக் கேட்கிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள். குட்டியின் தாயும் தகப்பனும் எப்படி ஓடும் என்று கேட்பவர் அரிது. ஓட்டத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட நாயை வாங்கிவந்து, மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் நீளச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து, அது கதவைப் பிறாண்டுகிறது, இரவெல்லாம் ஊளையிடுகிறது என்று குறைப்படுகிறார்கள். ஓட இடமும், ஓட்ட நேரமும், அதிகாலையில் எழும் பழக்கமும் இல்லாதவர் இந்த நாயை வாங்காமல் இருப்பதே நாய்க்குச் செய்யும் நல்லது.

நான் கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் பிறந்தவன். ஏழு வயதில் என் தாத்தாவின் நாய்களுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினேன். அறுவடை முடிந்த சோளக்காட்டில் ஏழெட்டுப் பேர் வரிசை கட்டிப் புதரைத் தட்டிக்கொண்டு போவார்கள். முயல் கிளம்பி நாயின் கண்ணில் பட்ட பிறகுதான் கயிற்றை நழுவவிடுவார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது தாத்தா அந்த வேட்டையை நிறுத்திவிட்டார், நாய்களை நிறுத்தவில்லை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று; பிடிப்பதும், துரத்துவதும், பொறி வைப்பதும், இவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டைதான். ஆகையால், “நாய் சும்மா துரத்தியது, முயல் தப்பிவிட்டது” என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. இந்தத் தடை சரியானது என்பதே என் உறுதியான எண்ணம். என் சிறுவயதில் ஒரே காலையில் நான்கைந்து முயல் கிளம்பிய ஓடைக்கரையில் இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, முயல் புழுக்கையைக்கூடத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முயலை விட்டுவிட்டு நாயின் ஓட்டத்தை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் நான் இங்கே சொல்லப் போகிறேன்.

துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் வேட்டை நாய் என்றதும் பலர் துப்பாக்கியோடு சேர்த்தே நினைக்கிறார்கள். மேலைநாடுகளில் பாயின்டர், ரிட்ரீவர் போன்ற இனங்கள் துப்பாக்கிக்காரனுக்காகவே உருவானவை: ஒன்று பறவையின் மோப்பம் பிடித்துச் சிலைபோல் நின்று காட்டும், மற்றது சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும். நம் கரிசல் நாய்கள் அந்த வகையல்ல. இவை கண்ணால் பார்த்து, காலால் எட்டிப் பிடிக்கும் நாய்கள். தாத்தாவின் நண்பர் ஒருவர் கௌதாரிக்காக உரிமம் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். நாய் அவிழ்ந்திருக்கும் நேரத்தில் அவர் தோட்டாவை உருவிவிட்டு, குழலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடப்பார். ரவை சிதறிப் பாயும் இடத்தில் நாய் எந்தக் கணம் குறுக்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடும் நாயும் நிரப்பிய துப்பாக்கியும் ஒரே காட்டில் இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை.

எந்த இனம், எந்தக் குட்டி

நம் பக்கத்து இனங்களில் ராஜபாளையம் கனத்த உடம்பும் வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. தேனிப் பக்கத்துக் கோம்பை, கட்டுக்குட்டான உடம்பும் கறுத்த முகமும் உடைய காவல் நாய். மெலிந்து நீண்ட ஓட்ட நாய் வேண்டும் என்றால் கன்னியும் சிப்பிப்பாறையும்தான். கன்னி பெரும்பாலும் கறுப்பு உடலில் பழுப்புக் காலும் புருவப் பொட்டுமாக இருக்கும். பால் நிறத்திலும் உண்டு. சிப்பிப்பாறை செவலையிலும் சாம்பலிலும் மற்ற நிறங்களிலும் கிடைக்கும். இரண்டும் ஒன்றா வேறா என்று வளர்ப்பவர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. குட்டி வாங்குபவருக்கு அந்த வழக்கு தேவையில்லை.

குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். இரண்டையும் திறந்த இடத்தில் ஓடச் சொல்லிக் கேளுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நல்ல நாய் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும்: முதுகு வில்லாய் வளைந்து கால்களெல்லாம் வயிற்றுக்கடியில் கூடும்போது ஒரு முறை, உடம்பு அம்பாய் நீளும்போது மறுமுறை. பின்கால் ஒன்றை வாங்கி வாங்கி வைக்கிறதா, திரும்பும்போது தடுமாறுகிறதா, ஓடி முடித்துப் பத்து நிமிடத்துக்குள் இளைப்பு அடங்குகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். மார்பு முழங்கை வரை இறங்கியும், வயிறு ஒட்டியும், பாதத்து விரல்கள் பிரியாமல் இறுகியும் இருக்க வேண்டும். வேகத்துக்காக கிரேஹவுண்ட் கலந்த குட்டிகளும் நாட்டு நாய் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. நேர்க்கோட்டில் அவை வேகமாகத்தான் ஓடும். ஆனால் முள்ளும் சரளையும் நிறைந்த நம் நிலத்தில் அவற்றின் தோல் சீக்கிரம் கிழிபடுவதையும், வெயிலுக்கு அவை முன்னதாகவே சோர்வதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கலப்பு வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

வெள்ளைக் குட்டியானால் காது கேட்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும், ஏனெனில் முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. ராஜபாளையத்தில் இது நன்கு தெரிந்த குறை. பத்து ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்யாமல் நானே ஏமாந்தேன். ஈற்றுக் குட்டிகளோடு சேர்ந்திருந்தபோது அந்தக் குட்டி, கூப்பிட்டால் ஓடி வந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான், அது மற்றக் குட்டிகளைப் பார்த்து ஓடி வந்ததே தவிர என் குரலைக் கேட்டு வரவில்லை என்பது புரிந்தது. அதனால் குட்டியைத் தனியே பிரித்து, அது தூங்கும்போது, பின்பக்கமாக, காற்றும் தரை அதிர்வும் அதன்மேல் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசைய வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கால்நடை மருத்துவமனையில் கருவி வைத்துச் செய்யும் சோதனைதான் வழி.

எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

முதல் ஓராண்டு

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் ஊசியும், பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்த ஊசிகளும், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட வேண்டும். குடற்புழு நீக்கமும் உண்ணிக் கட்டுப்பாடும் இதோடு சேர்ந்தவை. உண்ணி தானே என்று விடுபவர்கள், அதனால் வரும் காய்ச்சலில் நாயின் ஈறு வெளுத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

தீனி விஷயத்தில் பழைய வழக்கம் கம்மங்கூழும் மோரும்தான். அது வயிற்றை நிரப்பும், ஆனால் ஓடும் நாயின் தசைக்குப் போதாது. கம்போ கேப்பையோ சோறோ எதுவானாலும், அதோடு முட்டையோ வேகவைத்த கோழியோ மீனோ அன்றாடம் சேர வேண்டும். வெந்த எலும்பும் வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது. இந்த நாய்க்கு கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரிவதுதான் சரியான உடம்பு. பக்கத்து வீட்டார் பட்டினி போடுவதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு நாயைக் கொழுக்க வைத்தால் அதன் மூட்டுகள்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும் அதன் வாழ்நாள் முழுக்க நிற்கும். அந்த நாட்களில் குழந்தைகள், ஆடு, கோழி, மோட்டார் சைக்கிள், குடை பிடித்து வருபவர் என எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வெடிச் சத்தத்துக்குப் பழக்குவதும் அப்போதுதான். குட்டி தீனி தின்னும் நேரத்தில் தொலைவில் ஒரு தகரத்தட்டைத் தட்டி, நாளாக ஆக ஒவ்வொரு அடியாக அருகே வர வேண்டும். அது தின்பதை நிறுத்தினால் அன்று அதோடு விட்டுவிட்டு, மறுநாள் இன்னும் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். இதைச் செய்யாத வீட்டு நாய்கள் தீபாவளி இரவில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைகின்றன.

ஒரு வயது நிறையும்வரை எலும்பின் வளர்ச்சிப் பகுதி முழுதாக இறுகாது. அதற்குள் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. குட்டி தானாக ஓடி, தானாக நிற்கட்டும். கட்டாய ஓட்டம் பன்னிரண்டு, பதினைந்து மாதத்துக்குப் பிறகே.

கூப்பிட்டால் திரும்பும் நாய்

“சூ” என்று சொன்னால் பாய்வதற்கு எந்த நாயையும் பழக்க வேண்டியதில்லை. “தோ, தோ” என்றால் பாதி வழியில் திரும்பி வர வேண்டும், அதுதான் பழக்கம். குட்டியாக இருக்கும்போதே தீனி வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில், ஒரே சொல்லில் கூப்பிடுங்கள். பிறகு பதினைந்து மீட்டர் கயிற்றில் கட்டி வெளியில் பழக்குங்கள். வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள், எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும் சரி. அடி வாங்கியது தாமதத்துக்காக என்று அதற்குத் தெரியாது, வந்ததற்காக என்றே எண்ணிக்கொள்ளும். இந்த நாய்களின் கழுத்து தலையளவுக்கே இருப்பதால் சாதாரணப் பட்டை எளிதில் உருவிக்கொள்ளும். நான்கு விரல் அகலத் தோல் பட்டையைக் காதுக்குச் சற்றுக் கீழே பொருந்துமாறு போட வேண்டும். முயலும் மயிலும் நடமாடும் இடத்தில், எவ்வளவு பழகிய நாயானாலும், கயிற்றை அவிழ்க்காதீர்கள். முயலைக் கண்ட கன்னி நாய்க்கு உங்கள் குரல் காதில் விழாது.

துணியைத் துரத்தும் ஓட்டம்

வேலி அடைத்த வெறும் நிலம், நூறு நூற்றைம்பது மீட்டர் நீளம், அதிகாலை ஐந்தரை மணி. நான் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரத்தின் டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, ரிம்மின் பள்ளத்தில் நைலான் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டியிருக்கிறேன். மறுநுனியில் ஒரு வெள்ளை வேட்டித் துண்டும், சரசரப்புக்காக ஒரு பிளாஸ்டிக் பையும். நிலத்தின் அந்தக் கோடியில் பேரன் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, இந்தக் கோடியில் நான் பெடலைக் கையால் சுற்றத் தொடங்குவேன். துணி முதலில் மண்ணில் ஒரு துள்ளல் துள்ளும். நாயின் காது இரண்டும் பின்னால் படியும், தொடைத் தசை நடுங்கும், வாயிலிருந்து சத்தமே வராது. துணி இருபது மீட்டர் நகர்ந்த பிறகுதான் பட்டையை விடச் சொல்வேன். இளம் நாய்க்குக் கைச்சுற்று வேகம் போதும். முழுதாய் வளர்ந்த நாய்க்கு மோட்டார் வைத்துச் சுற்றினால்தான் ஈடுகொடுக்க முடியும்.

கயிறு எப்போதும் நேர்க்கோட்டில் வர வேண்டும், ஏனென்றால் வளைந்து கிடக்கும் நைலான் ஓடும் காலில் கத்திபோல் இறங்கும். சைக்கிளுக்குப் பதினைந்து மீட்டர் முன்னதாகவே சுற்றுவதை நிறுத்திவிட்டு, துணியை நாய் கவ்விக் குலுக்க விடுங்கள். பிடிக்கவே விடாமல் ஏமாற்றினால் நான்காம் நாள் அது துரத்தாது. ஒரு காலைக்கு இரண்டு ஓட்டம், மிஞ்சினால் மூன்று. வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் ஒரு மணி நேர நடை.

வெயில்தான் முதல் எதிரி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், விருந்தினர் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பதற்காக, காலை ஒன்பதரை மணிக்கு என் செவலை நாயை ஓட விட்டேன். மூன்றாவது ஓட்டத்தின் முடிவில் அது துணியைக் கவ்வாமல் பக்கவாட்டில் சாய்ந்தது. நாக்கு அகன்று, நீலம் பாய்ந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிலும் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோனோம், பிழைத்தது. நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அப்படி நேர்ந்தால் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு வண்டியைத் தேடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வைத்திருக்க முடியாவிட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை என்பது அன்றிலிருந்து என் வீட்டு வழக்கம்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தீனி வைக்காதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு, அது சில மணி நேரத்தில் கொன்றுவிடும். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போக நேர்ந்தால், இது கிரேஹவுண்ட் போல உடம்பில் கொழுப்புக் குறைந்த இனம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனெனில் சில மயக்க மருந்துகள் இத்தகைய நாய்களுக்குத் தெளிய வெகுநேரம் எடுக்கும்.

இளைப்பு அடங்கியதும் நாயைப் படுக்கவைத்து நான்கு பாதங்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பாருங்கள். நெருஞ்சி முள் விரலிடுக்கில் ஒளிந்திருக்கும்; நாய் நொண்டாமலே அதைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கும். முள்ளை எடுத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு நிழலில் கட்டுங்கள். மறுநாள் காலையில் அது எழுந்து முதல் பத்து அடி எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த ஓட்டத்தின் நாளைக் குறியுங்கள்.