படம் டிவியில், சத்தம் லேப்டாப்பிலா?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டோடு சினிமாதான். லேப்டாப்பை டிவியோடு இணைத்தோம்; படம் வந்தது, சத்தம் வரவில்லை. தகரக் கூரை மழைக்கு முன்னால் லேப்டாப் ஸ்பீக்கர் எம்மாத்திரம்!

எச்டிஎம்ஐ கேபிளில் படம், ஒலி இரண்டுமே போகும். விண்டோஸில் வலது மூலையில் கீழே உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரி.

பழைய விஜிஏ கேபிள் என்றால் அதில் ஒலி வராது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து டிவியின் 'ஆடியோ இன்' துளைக்குத் தனி ஒயர் வேண்டும். லேப்டாப் பக்கம் 3.5 மி.மீ. பின், டிவி பக்கம் பெரும்பாலும் சிவப்பு, வெள்ளைத் துளைகள். அப்புறம், டிவியில் ஹெட்போன் படம் போட்ட துளையில் செருகாதீர்கள். அது சத்தம் வெளியே போகும் வழி. அரைமணி நேரம் நான் அங்கேதான் முட்டிக்கொண்டிருந்தேன்.