எழுதாத பக்கத்தில் கையெழுத்து வேண்டாம்: எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் பிள்ளைகளைத் தமிழ் வழியில் படிக்க வைக்கும் பெற்றோருக்குப் பள்ளியைப் பற்றி நிறையக் குறைகள் உண்டு. அதையெல்லாம் டீக்கடையிலேயே பேசித் தீர்த்துவிடுகிறோம். கேட்க வேண்டிய இடம் எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஆனால் பல இடங்களில் மினிட்ஸ் புத்தகம் வீடு தேடி வருகிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறது. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. மலையாளத்தில் எழுதியிருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். இதில் கூச்சம் எதற்கு? அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத, 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு இடம் தருகிறது.

அடுத்த தவறு கூட்டம் கூட்டுபவர்களுடையது. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வராதவரை அக்கறையில்லாதவர் என்று சொல்வது அநியாயம். ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பக்கமே, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் இடத்திலேயே, கூட்டம் போட்டால் என்ன?

பெற்றோர் அதிகம் கவனிக்காத ஒன்று, ஆறாவது வேலை நாள் கணக்கு. கேரளத்தில் ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்கிறார்கள். கோடை விடுமுறைக்குத் தேனிக்கோ திருநெல்வேலிக்கோ போகிறோம். கோயில் கொடை, கல்யாணம் என்று பத்து நாள் பிந்தித் திரும்புகிறோம். சின்னப் பள்ளியில் நாலு பிள்ளைகள் அந்தக் கணக்கில் விட்டுப்போனாலே ஒரு பணியிடம் போகலாம். அப்புறம் வருடம் முழுக்க "வாத்தியார் இல்லை" என்று புலம்பிப் பயனில்லை. அந்த வாரம் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

காலியிடத்துக்காக வகுப்பாசிரியரிடம் கோபப்படுவதும் தவறுதான். அவரால் ஆள் போட முடியாது. பி.எஸ்.சி. எனும் அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக ஆள் வர வேண்டிய இடம் அது. எந்த இடம், எத்தனை நாளாகக் காலி என்று எழுதி, கல்வி அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை, குடிநீர், கூரை என்றால் வேறு வழி. அரசு தொடக்கப் பள்ளி கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு, உயர்நிலைப் பள்ளி மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பு. வார்டு மெம்பரிடம் தனியாகச் சொன்னால் மறந்துபோகும். கிராம சபையில் சொன்னால் பதிவாகும்.

"என் பிள்ளைதான் அங்கே படிக்கவில்லையே" என்று ஒதுங்குபவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், கிராம சபையில் யாரும் பேசலாம். கடைக்காரர், யூனியன்காரர், ஓய்வு பெற்ற கங்காணி என்று நாலு பேர் எழுந்து பள்ளியின் குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டால், பஞ்சாயத்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.