கம்மோடில் தண்ணீர் தானாகக் குறைகிறதா? டேங்கில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

ராத்திரி ஃப்ளஷ் செய்யும்போது சரியாக இருந்த தண்ணீர் காலையில் பார்த்தால் அடியில் கொஞ்சூண்டுதான் கிடக்கிறது, பாத்ரூம் கதவைத் திறந்தாலே சாக்கடை வாடை. இப்படி ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது டேங்கில்தான். மூடியைத் திறந்து, ஃப்ளோட்டைத் திருகி, வாஷரை மாற்றி, மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் அதே கதை. ராத்திரி முழுக்கக் குறைகிற தண்ணீருக்கும் டேங்குக்கும் சம்பந்தமே இல்லை. டேங்க் கசிந்தால் கம்மோடுக்குள் தண்ணீர் கூடத்தான் வரும், குறையாது. சொல்லப்போனால் டேங்க் கசிவு இந்தப் பிரச்சினையை மாசக்கணக்கில் மூடி மறைத்திருக்கும். கீழே போகிற தண்ணீருக்கு ஈடாக மேலேயிருந்து சொட்டிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாஷரை மாற்றிய அன்றைக்குத்தான் 'புதுசாக' குறைகிற மாதிரித் தெரியும், பிளம்பர் எதையோ கெடுத்துவிட்டார் என்று அவருக்குத் திட்டு விழும்.

கம்மோடுக்குப் பின்பக்கம் பீங்கானிலேயே ஒரு வளைவு இருக்கிறது, ட்ராப் என்பார்கள். தண்ணீர் கீழே இறங்கி, மறுபடி ஒரு மேட்டில் ஏறி, அதைத் தாண்டித்தான் குழாய்க்குள் விழும். அந்த மேட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் கம்மோடில் தண்ணீர் நிற்கும், அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் வழிந்து போய்விடும். நிற்கிற இந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் அடைத்து வைத்திருக்கிறது. பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இந்த அடைப்பு இருக்கும். 1775இல் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங் கடிகாரம் செய்கிறவர் என்பது தனிக் கதை. வாடையோடு போகிற விஷயமும் இல்லை இது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியபோது, பாத்ரூம் தரை ட்ராப்கள் வறண்டு கிடந்ததும் அதற்கு ஒரு காரணமாக விசாரணையில் சொல்லப்பட்டது.

ஆக, நிற்கிற தண்ணீர் காணாமல் போக மூன்றே வழிதான். அந்த மேட்டைத் தாண்டி யாரோ, எதுவோ இழுக்க வேண்டும், பீங்கானில் ஓட்டை இருக்க வேண்டும், இல்லை காற்றில் ஆவியாக வேண்டும். இதில் எது என்பதை ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, ஒரு தடவை ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். இனி மேலேயிருந்து ஒரு சொட்டும் வந்து கணக்கைக் கெடுக்காது. அப்புறம் ஒரு மக்கில் தண்ணீர் எடுத்துக் கம்மோடில் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகக் கொட்டினால் அதுவே உள்ளே இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். இனி எவ்வளவு ஊற்றினாலும் மட்டம் ஏறவில்லை என்கிற இடம் வந்ததும் நிறுத்தி, அலை அடங்கியதும் மட்டத்துக்குச் சற்று மேலே பீங்கானைத் துணியால் நன்றாகத் துடைத்து, தண்ணீர் விளிம்பை ஒட்டி மார்க்கரால் சின்னக் கோடு ஒன்று போடுங்கள். பென்சில் வேண்டாம், வழவழப்பில் நிற்காது. மூடியை மூடிவிட்டு, வீட்டில் யாரும் தண்ணீர் புழங்காத நேரமாகப் பார்த்துச் சில மணி நேரம் விடுங்கள். ராத்திரி படுக்கப்போகும் முன் செய்வதுதான் வசதி. அடுக்குமாடி என்றால் மேல்வீட்டுக்காரர் நடுராத்திரி எழுந்து ஃப்ளஷ் செய்தாலும் உங்கள் கம்மோடு பாதிக்கப்படலாம், அதனால் இரண்டு மூன்று ராத்திரி பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

காலையில் கோட்டிலிருந்து இறங்கியிருக்கிறது, யாரும் எதையும் தொடவில்லை என்றால் சந்தேகம் இரண்டு பேர் மேல்: விரிசல், அல்லது ட்ராப்பில் சிக்கிய நூல். இறங்கவே இல்லை என்றால் பீங்கான் நன்றாக இருக்கிறது, குற்றவாளி பெரும்பாலும் குழாய்ப் பக்கம்.

நூல் விஷயம் பலருக்குத் தெரியாது. துடைப்பத் துணியின் இழை, முடிக் கொத்து, ஈரத் துடைப்பான் காகிதம், இப்படி ஏதாவது ஒன்று அந்த மேட்டின் மேல் தொங்கிக்கொண்டு, ஒரு முனை இந்தப் பக்கம் தண்ணீரிலும் மறுமுனை குழாய்க்குள்ளும் கிடந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இழுத்து அந்தப் பக்கம் விட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் இருக்காது, தரையில் ஈரம் இருக்காது, அடைப்பும் தெரியாது, ஃப்ளஷ் நன்றாகவே போகும். இதற்கு வைத்தியம் சுலபம்: ஒரு வாளி நிறையத் தண்ணீர் எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து ஒரே மூச்சில் கொட்டுங்கள், இரண்டு மூன்று தடவை. அதில் போகவில்லை என்றால் கம்மோடுக்கென்றே இருக்கிற, முனையில் ரப்பர் உறை போட்ட சுருள் கம்பியை விட்டுச் சுற்றி இழுக்க வேண்டும். வெறும் இரும்புக் கம்பியை வளைத்து விட்டால் பீங்கான் முழுக்கக் கறுப்புக் கீறல்தான் மிச்சம். எடுத்ததும் மறுபடி கோடு போட்டுப் பாருங்கள்.

நூலும் இல்லை, இன்னும் இறங்குகிறது என்றால் விரிசல். இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பது. விரிசல் வரைக்கும் இறங்கும், அதற்குக் கீழே இறங்காது. மறுபடி நிரப்பிவிட்டு மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் வந்து நிற்கும். அப்படி ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப நின்றால் அந்த மட்டத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை மாதிரி ஒரு கோடு பழுப்பேறித் தெரியலாம். விரலால் தடவினால் தெரியாது, நகத்தின் நுனியை ஓட்டிப் பாருங்கள், தட்டும்.

விரிசல் வெளிப்பக்கம் என்றால் தரையில் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் கொஞ்சம் சாப்பாட்டுக் கலர்ப் பொடியைக் கலந்துவிட்டு, கம்மோடின் அடியைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சொருகி வையுங்கள். காலையில் பேப்பரில் கலர் ஏறியிருந்தால் முடிந்தது விஷயம். ஆனால் கலர் ஏறவில்லை என்பதால் விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. கிண்ணத்துக்கும் பின்னால் போகிற வளைவுக்கும் நடுவில் ஒரே ஒரு பீங்கான் சுவர்தான், அதில் ஓட்டை இருந்தால் தண்ணீர் நேராகக் குழாய்க்குள் போய்விடும், தரை காய்ந்தே இருக்கும். புதுசாக மாட்டிய முதல் நாளிலிருந்தே குறைகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன், வார்க்கும்போதே விட்ட குறை. கோடு போட்ட படங்களை நேரத்தோடு எடுத்து வைத்துக்கொண்டு வாங்கிய இடத்தில் மாற்றித் தரக் கேளுங்கள்.

விரிசல் விட்ட கம்மோடை எபாக்ஸி வைத்து ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில், எலும்பாகக் காய வைத்துவிட்டு ஒட்டினால் கொஞ்ச நாள் தாங்கும், புதுசு வாங்கும் வரைக்கும். உட்காரும்போது முழு எடையும் தாங்குகிற பீங்கான் அது, உடைந்தால் கத்தி மாதிரி கிழிக்கும். அதில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். விரிசல் எதனால் வருகிறது என்றால், தரையில் பிடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவது, அடைப்பு எடுக்கிறேன் என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது, குளிர்ப் பிரதேசமென்றால் பூட்டிய வீட்டில் தண்ணீர் உறைந்து விரிவது. கொதிநீர் வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, ராத்திரி முழுக்கக் கோட்டிலேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். வால்வைத் திறந்து டேங்கை நிரப்பி, வழக்கம்போல ஃப்ளஷ் செய்யுங்கள். ஃப்ளஷ் முடிந்ததும் தண்ணீர் கோடு வரை வருகிறதா?

வரவில்லை என்றால், இந்த ஒரு இடத்தில் மட்டும் டேங்கைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. சில மாடல்களில் டேங்க் நிரம்பும்போது ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஓவர்ஃப்ளோ குழாயின் (டேங்கில் மிஞ்சுகிற தண்ணீர் கம்மோடுக்குள் வழிவதற்கான குழாய்) வாய்க்குள் தண்ணீர் விட்டு, அது வழியாகக் கம்மோடை நிரப்பும். அந்தக் குழாய் கழன்று டேங்குக்குள்ளேயே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் டேங்க் நிரம்பும், கம்மோடு நிரம்பாது. எடுத்து ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் மாட்டிவிட்டால் போதும். ஆனால் ஆழமாக உள்ளே தள்ளிவிடாதீர்கள், டேங்க் தண்ணீரை அதுவே இழுத்து ஊற்ற ஆரம்பித்துவிடும். இந்தக் குழாயே இல்லாத மாடல்களில் ஃப்ளஷின் கடைசித் தண்ணீர்தான் கம்மோடில் தங்குகிறது, அதனால் டேங்கில் மட்டம் குறைவாக இருந்தாலோ, சின்ன பட்டனை அழுத்திச் சட்டென்று விட்டுவிட்டாலோ கோடு வரை வராது. டேங்குக்குள் போட்டிருக்கும் அடையாளம் வரை மட்டம் ஏறும்படி ஃப்ளோட்டைச் சரிசெய்யுங்கள். வாளியில் ஊற்றிப் பழகியவர்கள் கடைசி அரை மக்கை மெதுவாக ஊற்றினாலே சரியாகிவிடும்.

ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் முதலில் மேலே ஏறி, தயங்கித் தயங்கி இறங்கி, கடைசியில் 'களக்' என்று சத்தம் போட்டு மட்டத்துக்குக் கீழே போகிறதென்றால் குழாயில் பாதி அடைப்பு. ரப்பர் பம்ப் போட்டுப் பாருங்கள். பாத்ரூம் தரை ஜாலியிலும் அதே நேரத்தில் குமிழி வந்தால் அடைப்பு இன்னும் தூரத்தில், சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ இருக்கிறது, பம்ப் உதவாது.

கோடு வரை வருகிறது, ராத்திரியும் நிற்கிறது, ஆனாலும் பகலில் எப்போதோ குறைகிறது என்றால் எனக்குத் தெரிந்து பெரும்பாலும் வென்ட் பைப்தான். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்மோடு பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் குளியல் தொட்டியையோ நிரம்பிய வாஷ் பேசினையோ திறந்துவிடட்டும், வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றட்டும், மாடியில் இன்னொரு கம்மோடு இருந்தால் அதையும் ஃப்ளஷ் செய்யட்டும். கம்மோடில் தண்ணீர் மேலும் கீழும் ஆடி, களகள என்று சத்தம் கேட்டு, கோட்டிலிருந்து ஒரு விரற்கடை இறங்கினால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். நடப்பது என்னவென்றால், குழாயில் மொத்தமாகத் தண்ணீர் இறங்கும்போது அதற்குப் பின்னால் காற்று வர வேண்டும். அந்தக் காற்றுக்காகத்தான் கூரைக்கு மேல் வரை ஒரு வென்ட் பைப் போகிறது. அதன் வாய் அடைபட்டால் காற்றுக்காகப் பக்கத்தில் இருக்கிற ட்ராப்பை உறிஞ்சும், உங்கள் கம்மோடுத் தண்ணீர் மேட்டைத் தாண்டிப் போய்விடும்.

வாயை அடைப்பது பெரும்பாலும் பறவைக் கூடு, சருகு, தூசி அப்பிய கொசு வலை. கூரையில் வேலை நடந்தபோது யாரோ மூடி போட்டுவிட்டுப் போனதும் உண்டு. மேலே பத்திரமாக ஏற முடிந்தால் ஓஸை விட்டுக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், உள்ளேயே இறங்கிவிட்டால் வழி இருக்கிறது, பொங்கி மேலே வந்தால் அடைப்பு. முகத்தைக் குழாய் வாய்க்கு நேரே வைக்காதீர்கள், தீக்குச்சி, லைட்டர் பக்கத்திலேயே வேண்டாம், அதில் வருவது எரியக்கூடிய வாயு. சரிவான கூரை என்றால் ஏறவே ஏறாதீர்கள், பிளம்பருக்கு விடுங்கள். பலத்த காற்று வீசும் நாட்களில் மட்டும் தண்ணீர் லேசாக ஆடுகிறது என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய வீட்டில் புதுசாக ஒரு பாத்ரூமைச் சேர்த்து, வென்ட்டே இல்லாமல் இருக்கிற குழாயில் இணைத்திருந்தால், காற்றை உள்ளே மட்டும் விடுகிற ஒருவழி வால்வு ஒன்று கிடைக்கிறது, அதைப் பொருத்தலாமா என்று வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

கடைசியாக ஆவியாதல். நாலு நாளில் இதனால் காலியாகிவிடாது, வாரக்கணக்கில் யாரும் புழங்காத பாத்ரூமில்தான் இந்தப் பேச்சே. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மூடியை மூடுவதோடு, கம்மோடுத் தண்ணீர் மேல் கொஞ்சம் மினரல் ஆயில் ஊற்றிவிட்டுப் போங்கள், மேலே படலமாகப் படிந்து ஆவியாவதைத் தடுக்கும். சமையல் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். வாடை மட்டும் அடித்து, கம்மோடில் தண்ணீர் கோட்டில் அப்படியே இருக்கிறதென்றால் கம்மோடை விட்டுவிட்டுத் தரை ஜாலிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அதற்கும் கீழே ஒரு ட்ராப் இருக்கிறது, கம்மோடை விடச் சீக்கிரம் வறண்டு போவது அதுதான். இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் வாடை நின்றுவிடும்.